வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி தம்பதி!

ஒரு பொது அறிவுக் கேள்வி. 'நவராத்திரி'யில் சிவாஜிக்கு எத்தனை வேஷம்? ஒன்பது. கரெக்ட். 'தசாவதாரம்' படத்தில் கமலுக்கு? பத்து. அதுவும் கரெக்ட். ஒரே ஆள், ஒரே தொடரில், வாரத்துக்கு ஒண்ணா ஐம்பதுக்கும் மேற்பட்ட வேஷம் கட்டினாரே... அவர் பேர் என்ன?

முழிக்கிறீங்களா? உங்க மேல தப்பில்லை. நீங்க பிறக்கறதுக்கு முன்னாடி நடந்த சமாச்சாரம். (நானும் பிறக்கலை. எனக்கே முப்பத்தஞ்சு தாண்டியாச்சுங்கிறது வேற விஷயம்!)

அவர் பேர் சதீஷ் ஷா. 2025 அக்டோபர் 25-ம் தேதி மும்பையில் காலமானார். வயசு 74. மறுநாள் பேப்பர்ல எல்லாம் 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' நடிகர் மறைவு என்று போட்டிருந்தார்கள். கொஞ்சம் சின்னப் பசங்க, 'மேய்ன் ஹூன் நா' படத்தில் ஷாருக்கான் முகத்தில் எச்சில் தெறிக்கப் பேசுவாரே அந்த புரொஃபசர் என்று ஞாபகம் வைத்திருந்தார்கள். ஆனா ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அறுபதைத் தாண்டின சில பெரிசுகளுக்கு மட்டும் வேற ஒரு பேர் ஞாபகம் வந்திருக்கும். 'யே ஜோ ஹை ஜிந்தகி'!

1984-ல் தூர்தர்ஷனில் வந்த இந்தித் தொடர். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. இந்தி தெரியாத வட சென்னைக்காரனுக்கு இந்தித் தொடரில் என்ன வேலைன்னு கேக்கறீங்களா? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்போ சேனல் மாத்துற வேலையே கிடையாது. இருந்ததே ஒண்ணுதான். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி ஆரம்பிச்சுது. 1982 ஆகஸ்ட் 15-லேருந்து டெல்லியின் தேசிய ஒளிபரப்பு வந்து ராத்திரியில் குந்திக்கொண்டது. தமிழ் நிகழ்ச்சி முடிஞ்சு இந்தி ஆரம்பிச்சதும் முக்கால்வாசி வீட்டில் பெட்டியை அமுக்கிவிட்டு, தட்டைப் போட்டுச் சோறு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். அது கொள்கையா, பசியாங்கிறது வீட்டுக்கு வீடு மாறும்!

கல்மண்டபம் பக்கத்துல பத்துக் குடித்தனம் இருந்த ஒரு ஸ்டோர். அதிலேதான் எங்க அப்பாவும் அம்மாவும் குடித்தனம் ஆரம்பிச்சாங்க. கல்யாணம் ஆகி ஆறு மாசம். பத்துக் குடித்தனத்துக்கும் சேர்த்து டி.வி. ஒண்ணே ஒண்ணு, ஹவுஸ் ஓனர் வீட்டு சாலிடேர். கறுப்பு வெள்ளை. மொட்டைமாடியில் ஆன்டெனா. கடல் காத்துக்கு அது துரு பிடிச்சு, வாரத்துக்கு ஒரு தரம் திசை மாறி நிக்கும். ஒருத்தன் மேலே ஏறித் திருப்பணும், கீழேயிருந்து பத்துக் குடித்தனமும் கோரஸா, "வந்துச்சு... போச்சு... வந்துச்சு... அப்படியே புடிச்சுக்க!"ன்னு கத்தணும். புடிச்சுக்கிட்டே நின்னவன் பாதி நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை, பாவம்.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே வந்து உட்காரும். பாட்டு முடிஞ்சதும் கூட்டம் கலையும். கலையாம உட்கார்ந்திருந்த சிலர் ஒன்பது மணிக்கு என்னதான் வருதுன்னு பார்த்தாங்க. அடுத்த வாரம் இன்னும் நாலு பேர். வெளியே காம்பவுண்டு சுவத்துல 'இந்தி ஒழிக' எழுத்து அழியாம இருக்கு. உள்ளே இந்தி நாடகம் பார்த்துக் கெக்கெக்கேன்னு சிரிப்பு! இதுல முரண்பாடு ஒண்ணும் இல்லை சார். எதிர்த்தது திணிப்பைத்தானே, சிரிப்பை இல்லையே?

எங்க அப்பாவுக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு பதவி கிடைச்சுது: மொழிபெயர்ப்பாளர். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் அவர் கிளார்க். சௌகார்பேட்டை சேட்டுகளோட பில்லுக்காக அலைஞ்சு கத்துக்கிட்ட இந்தி அது. ஆகவே அவருக்குத் தெரிஞ்ச வார்த்தையெல்லாம் 'எவ்வளவு', 'நாளைக்கு வா', 'பணம் இல்லை' வகையறாதான். திரையில் புருஷன் பொண்டாட்டி கொஞ்சிக்கிட்டிருந்தாலும் சரி, வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தாலும் சரி, அப்பா முகத்தைச் சீரியஸா வெச்சுக்கிட்டு, "கடன் கேக்கறான்"ம்பார். மூணு வாரம் கேட்டுட்டு ஹவுஸ் ஓனரோட ஆயா பொறுக்க முடியாம, "இன்னாபா இது, வாராவாரம் கடனே கேக்கறானுங்க? நீ சொம்மா குந்து. அவன் மூஞ்சியே சொல்லுது"ன்னு சொல்லிட்டாங்களாம்.

அந்த ஆயா சொன்னதுதான் இந்தத் தொடருக்கு நான் பார்த்த வரைக்கும் ஆகச் சிறந்த விமர்சனம். மூஞ்சியே சொல்லுது!

கதை ரொம்பப் பெரிசில்லை. ரஞ்சித்னு ஒரு ஆபீஸ்காரர். அவர் மனைவி ரேணு. ரேணுவோட தம்பி ராஜா, வேலை வெட்டி இல்லாம அக்கா வீட்டிலேயே டேரா. ஒரு ஹால், ஒரு சோபா. வாராவாரம் வாசக்கதவைத் தட்டிக்கிட்டு ஒரு புது வில்லங்கம் உள்ளே வரும், அரை மணி நேரத்தில் வெளியே போகும். அவ்வளவுதான். கொலை கிடையாது, மாமியார் மருமகள் விஷம் வைக்கிறது கிடையாது, முகத்தை மூணு தரம் மூணு கலர்ல காட்டுறது கிடையாது. புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போடுவாங்க, சமாதானம் ஆவாங்க, நடுவுல ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணிப்பாங்க.

எழுதினவர் சரத் ஜோஷி. இந்திப் பத்திரிகைகளில் நையாண்டிப் பத்தி எழுதிப் பேர் வாங்கியவர், 1991-ல் மறைந்துவிட்டார். ஒரு பத்திரிகைக்காரன் எழுதின வசனத்துக்குத் தேசமே சிரிச்சதுங்கிறதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். (சொந்தக்காரன் பாசம்!) இயக்கியவர்களில் முக்கியமானவர் குந்தன் ஷா. 1983-ல் 'ஜானே பீ தோ யாரோ'ன்னு ஒரு படம் எடுத்தாரே, அவர்தான். அந்தப் படத்தில் சதீஷ் ஷாவுக்குப் பாதி நேரம் பிணமா நடிக்கிற வேலை. பிணத்தை உருட்டிக்கிட்டுப் போய்க் கடைசியில் மகாபாரத நாடக மேடையில் திரௌபதியா நிறுத்துவாங்க. பிணமா நடிச்சே சிரிக்க வெச்ச ஆளுக்கு, உயிரோட நடிக்க வாய்ப்பு கொடுத்தா விடுவாரா?

வாரம் ஒரு வேஷம். ஒரு வாரம் ஆபீசர், ஒரு வாரம் ஏமாத்துக்காரன், ஒரு வாரம் யாரோ வழிதவறி வந்த ஆசாமி. ஸ்டோர்ல பசங்க, இந்த வாரம் 'குண்டு மாமா' எந்த மீசையோட வருவார்னு பந்தயமே கட்டுவாங்களாம். மீசையை மாத்தினா மட்டும் வேஷம் மாறாது. நடை மாறணும், உட்கார்ற தினுசு மாறணும், மூச்சு விடுறது மாறணும். அதெல்லாம் மாறிச்சு. இந்தி தெரிஞ்சவனுக்கு வசனம் போனஸ். தெரியாதவனுக்கு நடையே போதும்.

ராஜாவா வந்தவர் ராகேஷ் பேடி. 1981-லேயே 'சஷ்மே புத்தூர்' படத்தில் மூணு பேச்சிலர் பசங்கள்ல ஒருத்தரா வந்தவர். குந்தன் ஷா, சதீஷ் ஷா, ராகேஷ் பேடி மூணு பேருமே புனே ஃபிலிம் இன்ஸ்டிடியூட் தயாரிப்பு. அங்கே உலக சினிமா படிச்சுட்டு வந்து, ஒரு ஹாலுக்குள்ளே சோபாவைச் சுத்தி ஓடுற காமெடி பண்ணியிருக்காங்க. படிச்ச படிப்பு எதுவும் வீண் போறதில்லை. பி.காம். படிச்சுட்டுக் கட்டுரை எழுதுற நானே சாட்சி!

ரஞ்சித்தோட ஆபீஸ் பாஸா வந்தவர் டிக்கு தல்சானியா. டி.வி.க்கு அதுதான் அவருக்கு அறிமுகம். கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பி, "யே க்யா ஹோ ரஹா ஹை?"ன்னு ஒரே ஒரு வசனத்தை வெச்சுக்கிட்டே காலம் தள்ளினார். 'இங்கே என்னதான் நடக்குது?'ன்னு அர்த்தம். உங்க மேனேஜர் சாயந்தரம் நாலரை மணிக்கு உங்க மேஜைக்குப் பின்னாடி வந்து நின்னு கேப்பாரே, அதே டயலாக்! அப்பா ஆபீஸ்ல எவனாவது கதவுப்பக்கம் பார்த்துட்டு "யே க்யா..."ன்னு ஆரம்பிச்சா, மேனேஜர் வர்றார்னு அர்த்தமாம். அத்தனை பேரும் லெட்ஜருக்குள்ளே தலையை விட்டுக்குவாங்க. தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட என்ன வேணும்?

பிற்பாடு ஃபரிதா ஜலாலும் வந்து சேர்ந்துக்கிட்டார். 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'யில் கஜோலுக்கு அம்மாவா வர்றவர்.

சரி, இத்தனை பேரையும் சொல்லிட்டு ரஞ்சித்தைப் பத்தி மட்டும் சொல்லலையேன்னு பார்க்கறீங்க. வேணும்னுதான் கடைசிக்கு வெச்சேன். சதீஷ் ஷாவைக் கொண்டாடாத ஆள் இல்லை. ஆனா பழைய எபிசோடுகளைத் தேடிப் பிடிச்சு, தேஞ்சு போன பிரின்ட்ல உட்கார்ந்து பார்த்தப்போ எனக்கு ஒண்ணு பட்டுது. அந்தத் தொடரைத் தூக்கி நிறுத்தினவர் ரஞ்சித்தா நடிச்ச ஷஃபி இனாம்தார்.

ஏன்? சொல்றேன். நாலு பேர் கோமாளித்தனம் பண்ணும்போது, ஒருத்தர் நிதானமா நின்னு அதைப் பார்க்கணும். அவர் பார்க்கிற பார்வையில்தான் நமக்குச் சிரிப்பு வரும். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்ற சீனை எடுத்துக்குங்க. நாகேஷைப் பத்தி அறுபது வருஷமாப் பேசறோம். எதிரே உட்கார்ந்து பயந்து நடுங்கின பாலையா இல்லேன்னா அந்த சீன் என்ன ஆகியிருக்கும்? ஷஃபி, பாலையா அளவுக்குக்கூட முகத்தை ஆட்ட மாட்டார். மச்சான் உளறுவான், பாஸ் கத்துவார், புதுசா வந்த ஆசாமி சோபாவில் சாய்ஞ்சு சாப்பாடு கேப்பான். இவர் ஒரு தரம் ரேணுவைத் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான், ஸ்டோரே விழுந்து விழுந்து சிரிக்கும். எங்க பாடத்து பாஷையில் சொன்னா, லாபக் கணக்குல சதீஷ் ஷா பேர் வரும். முதல் போட்டது ஷஃபி. பேலன்ஸ் ஷீட்டைப் பாதி மட்டும் படிக்கிறவனுக்கு இது தெரியாது.

அவர் நாடகக்காரர். குஜராத்தி, மராத்தி, இந்தி மூணு மொழி மேடையிலும் நடிச்சவர். 1982-ல் சொந்தமா ஒரு நாடகக் குழு ஆரம்பிச்சார். 'அர்த் சத்யா'வில் ஓம் புரியோட சீனியர் போலீஸ் அதிகாரியா வந்தவர் இவர்தான். மனைவி பக்தி பர்வே, மராத்தி மேடையில் ராணி. 'ஜானே பீ தோ யாரோ'வில் பத்திரிகை ஆசிரியையா வர்றவர். ஆக, டி.வி.யில் ரேணுவோட சண்டை போட்டவருக்கு வீட்டிலும் ஒரு பெரிய நடிகை!

சினிமா என்ன பண்ணிச்சு தெரியுமா? ஒரு வருஷத்துக்கும் மேலே வாராவாரம் தேசமே பார்த்த கதாநாயகனுக்கு, இன்ஸ்பெக்டர் உடுப்பையும் ஹீரோவோட அண்ணன் வேஷத்தையும் கொடுத்து ஓரமா நிக்க வெச்சுது. அவரும் நின்னார். 1995-ல் 'ஹம் தோனோ'ன்னு ஒரு படத்தை ரிஷி கபூர், நானா படேகரை வெச்சு டைரக்ட் பண்ணினார். அடுத்த வருஷம்...

1996 மார்ச் 13. இந்தத் தேதி கிரிக்கெட் பார்க்கிற எவனுக்கும் மறக்காது. கல்கத்தா ஈடன் கார்டன். உலகக் கோப்பை அரையிறுதி. ஸ்ரீலங்கா 251. சச்சின் 65-ல் அவுட் ஆனதும் சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சு, 120-க்கு 8. ஜனங்க பாட்டிலை வீசி, நெருப்பு வெச்சு, மேட்சே நின்னு, ஸ்ரீலங்காவுக்கு வெற்றின்னு அறிவிச்சு, காம்ப்ளி அழுதுக்கிட்டே வெளியே போனாரே... அந்த ராத்திரி. காசிமேட்டிலேருந்து எண்ணூர் வரைக்கும் அன்னிக்கு எத்தனை டி.வி. பெட்டிக்கு அடி விழுந்துச்சோ!

அந்த மேட்சை மும்பையில் பார்த்துக்கிட்டிருந்தபோது மாரடைப்பில் ஷஃபி இனாம்தார் செத்துப்போனார். ஐம்பது வயசு. எங்க அப்பாவுக்கு அன்னிக்கு ராத்திரி மேட்ச் தோத்த துக்கம் மட்டும்தான் தெரியும். ஷஃபி சமாச்சாரம் இங்கே யாருக்கும் எட்டலை. நான் சொல்லித்தான் போன வருஷம் அவருக்குத் தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "நல்ல மனுஷன்யா அவன்"னார், ஏதோ ஒரே ஆபீஸ்ல வேலை பார்த்தவர் மாதிரி. ஷஃபி போய் அஞ்சு வருஷத்துக்குள், 2001 பிப்ரவரியில், மும்பை-புனே சாலை விபத்தில் பக்தி பர்வேயும் போய்விட்டார். குந்தன் ஷா 2017-ல்.

இனி ரேணு. ஸ்வரூப் சம்பத். 1979-ல் மிஸ் இந்தியா. ஷிருங்கார் குங்குமம் விளம்பரத்தில் நெத்தி நிறைய பொட்டோட சிரிச்ச முகம். அழகிப் பட்டம் வாங்கின பொண்ணு, மேக்கப் கலைஞ்சா போச்சுன்னு பொம்மை மாதிரி நிப்பாங்கன்னு நினைச்சா, இந்த அம்மா மூக்கைச் சுளிச்சு, நாக்கைத் துருத்தி, சோபாமேல் ஏறி ஒரு வழி பண்ணினாங்க.

அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகையைப் புரட்டினா புருஷன்-பொண்டாட்டி ஜோக்னாலே பூரிக்கட்டைதான். அவர் பம்முவார், அந்தம்மா ஓங்குவாங்க, கீழே கார்ட்டூனிஸ்ட் கையெழுத்து. (இந்தப் பத்திரிகையும் விதிவிலக்கில்லை. எடிட்டர் இதை வெட்டாம இருக்கணும்!) அப்புசாமி-சீதாப்பாட்டி மாதிரி ரசிச்சுப் படிக்கிற ஜோடியும் உண்டுதான். ஆனா அவங்க தாத்தா-பாட்டி. கல்யாணம் ஆகி ஒண்ணு ரெண்டு வருஷம் ஆன சின்னஞ்சிறிசுங்க, அடிதடி இல்லாம சமமா உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கலாய்ச்சுக்கலாம்னு ரேணுவும் ரஞ்சித்தும்தான் ஸ்டோருக்குக் காட்டினாங்க.

எங்க அம்மாகிட்ட ஒருநாள் இதைப் பத்திக் கேட்டேன். பத்துக்குப் பத்து ரூம். ஒரு பக்கம் மாமியார், இன்னொரு பக்கம் கொழுந்தன். புருஷன்கிட்ட பகல்ல ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினா 'இன்னா அங்க பேச்சு?'ன்னு குரல் வரும். "உங்கப்பா என்கிட்ட சோறு போடு, தண்ணி எடுத்து வையைத் தவிர வேற பேசினதே இல்லைடா. வெள்ளிக்கிழமை அந்த டிராமாவுல ஒருத்தருக்கொருத்தர் கேலி பண்றதைப் பார்த்து நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பாரு. கூட்டத்துல தூர தூரதான் உட்காந்திருப்போம். அவரு சிரிச்சுட்டு என் பக்கம் திரும்பிப் பார்ப்பாரு. அதுக்கே போவேன்"னாங்க.

மொழி புரியாத தொடர். பக்கத்துல உட்காரக்கூட முடியாத ஜோடி. அரை மணி நேரம். அதுக்கு மேலே இதைப் பத்தி நான் என்ன எழுதறது!

நம்ம தமிழ்ல இப்படி ஒரு ஜோடி வர 1998 ஆச்சு. கே.பாலசந்தரோட மின் பிம்பங்கள் தயாரிப்பில், நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'. புருஷன் பேரும் ரமணி, பொண்டாட்டி பேரும் ரமணி. குழந்தை நட்சத்திரமா இருந்த 'பப்லு' பிருத்விராஜ் புருஷன், வாசுகி மனைவி. அடுத்த பாகத்தில் மனைவி ரமணியா தேவதர்ஷினி வந்தார். என் வயசுக்காரங்க பார்த்து வளர்ந்த ஜோடி இதுதான். ரஞ்சித்-ரேணுவோட சித்தி பிள்ளைகள்னு சொன்னா தப்பில்லை. ஆனா இதுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலை, அப்பாவுக்கு வேலை போச்சு!

தேவதர்ஷினி விஷயத்தில் டி.வி. நிஜமாவே ஒரு கல்யாணத்தை நடத்தி வெச்சுது. 'மர்ம தேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' தொடரில் கூட நடிச்ச சேத்தனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். 'விடுதலை'யில் ரத்தக்கொதிப்பு ஏத்தின அந்தப் போலீஸ் அதிகாரி, அவரேதான்! '96' படத்தில் தேவதர்ஷினியோட சின்ன வயசு கேரக்டரில் வந்தது அவங்க சொந்தப் பொண்ணு. பிருத்விராஜ் 2023-ல் 'அனிமல்' வரைக்கும் போய் வந்துட்டார்.

ரேணு என்ன ஆனாங்கன்னு கேக்கலையே? 1987-ல் பரேஷ் ராவலைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஆமாம், 'ஹேரா பேரி' பாபுராவ்! அப்புறம் படிக்கப் போய், கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாடகம் மூலமா சொல்லிக் கொடுக்கிறது பத்தி ஆராய்ச்சி பண்ணி, இங்கிலாந்தில் வுஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினாங்க. 2019-ல் உலக ஆசிரியர் பரிசுக்கான கடைசிப் பத்துப் பேரில் ஒருத்தர். சோபாமேல் ஏறிக் குதிச்ச ரேணுவா இதுன்னு ஆச்சரியமா இருக்கு. யோசிச்சா ஆச்சரியமும் இல்லை. வார்த்தை கைகொடுக்காத பிள்ளைக்கு முகத்தாலும் உடம்பாலும் புரிய வைக்கிற வித்தை, அந்தக் கோஷ்டிக்குக் கைவந்ததுதானே? கல்மண்டபத்து ஆயாவே அதுக்கு சர்டிபிகேட் கொடுத்தாச்சு.

அதே 2019-ல் 'உரி' படத்தில் ஸ்வரூப் சம்பத்தை ஹீரோவுக்கு அம்மா ஆக்கின டைரக்டர் ஆதித்ய தர், 2025 டிசம்பரில் 'துரந்தர்' எடுத்தார். அதில் கராச்சி அரசியல்வாதி ஒருத்தர், சிரிச்சுக்கிட்டே கழுத்தறுக்கிற ரகம். அவர் மகளா வர்றது, 'தெய்வத்திருமகள்'ல விக்ரம் பொண்ணா வந்த நம்ம சாரா அர்ஜுன். அந்த அரசியல்வாதி யாருன்னு நினைக்கறீங்க? ராகேஷ் பேடி. எழுபது வயசுக்கு மேலே அந்த மனுஷனுக்கு இப்படி ஒரு அமர்க்களம்!

அந்தப் படத்தின் துண்டு ஒண்ணு என் போனில் ஓடிக்கிட்டிருந்துது. அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே எட்டிப் பார்த்தாங்க. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டு இன்னொரு தரம் பார்த்தாங்க.

"இவன் ரேணுவோட தம்பி இல்ல? அடப்பாவி... கடைசியில வேலைக்குப் போயிட்டானா!"